நான்காவது பிளக்

காரின் நான்காவது ஸ்பார்க் பிளக் மறுபடியும் கழன்றிருந்தது.

அவள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. முதல் மூன்றும் எதிரே வரிசையாக நின்றன. நான்காவது மட்டும் எஞ்சினுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே ஒரு குழாயின் அடியில் ஒளிந்திருந்தது. விரலால் தடவித்தான் பார்க்கவேண்டும். தடவினாள். நேற்றுப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிய பிளக் பால்பல் மாதிரி ஆடியது.

திங்கட்கிழமை காலை, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் அவள் நூலகராகச் சேரவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. அங்கே அறை பார்த்தாகிவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. கார்தான் கிளம்புவேனா என்றது.

மெக்கானிக்கிற்குப் போன் போட்டாள்.

"நீங்க வந்து கழட்டினீங்களா?"

"நான் எப்படிம்மா? என் கை உள்ளே போகாதுன்னுதானே உங்களுக்கே மாட்டக் கத்துக்குடுத்தேன். எஞ்சினை இறக்கினாத்தான் எனக்கு அது எட்டும்."

"அப்ப யாரு?"

"அந்த சந்துக்குள்ள கை போறவங்க யாரோ" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மறுபடி முறுக்கினாள். மறுநாள் மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வந்தால், பிளக் எஞ்சின் மேலேயே கிடந்தது. எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வண்டி ஓடி ஒரு வாரமாகிறது. யாரோ இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் விட்ட சூடு அது.

சட்டென்று அதைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் கணவன் நினைவும் வரும்.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள், "கையைக் குடுங்க" என்றாள்.

"அடடா, கல்யாணமான புதுசுல பிடிச்சது!"

அந்தக் கையை இழுத்துப்போய் எஞ்சின் சந்துக்குள் திணித்தாள். மணிக்கட்டுக்கு முன்பே சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க அரை வாளி சோப்புத் தண்ணீரும் முக்கால் மணி நேரமும் ஆயின.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலைதானே?"

"பிடிக்காம என்ன? சமைக்கக்கூடக் கத்துக்கிட்டேன். நீ நிம்மதியாப் போம்மா" என்றான், தோல் உரிந்த கையை ஊதிக்கொண்டே.

அந்த நிம்மதிதான் அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. ஒரே ஒரு வார்த்தை தடுத்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு ஜம்மென்று கிளம்பியிருப்பாள். தடுக்க ஆளில்லாத வாசல் இத்தனை அகலமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாள் காரைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். எழுந்து பார்த்தால் கார் பூட்டியபடி இருந்தது. சாவியும் தலையணைக்கடியில் இருந்தது. பிளக் மட்டும் ஓட்டுநர் இருக்கையில், கைக்குட்டை சுற்றி, தூங்குகிற குழந்தைபோலக் கிடந்தது.

அதற்கும் அடுத்த நாள் காரைச் சுற்றிக் கோதுமை மாவு தூவினாள். மதியத் தூக்கம் முடிந்து வந்து பார்த்தபோது பிளக் மறுபடி கழன்றிருந்தது; மாவில் ஒரு ஜோடி காலடிதான் இருந்தது. தன் செருப்பை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. தூவும்போது தானே மிதித்திருக்க வேண்டும். அப்படியானால் வந்தது யார்? பேய்க்குத்தான் காலே கிடையாதே!

ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டாள். கார் கொட்டகையில் நாற்காலி போட்டு, மடியில் ஸ்பேனரோடு உட்கார்ந்தாள். ஒன்றரை மணிக்குக் காற்று நின்றது. இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் யாரோ மூச்சுவிடுவது தெளிவாகக் கேட்டது. சீரான, நிதானமான மூச்சு. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது மணி மூன்றரை. பானெட் வாயைப் பிளந்திருந்தது. பிளக் எஞ்சினிலும் இல்லை, இருக்கையிலும் இல்லை. தரையில் குனிந்து தேடினாள். எங்கேயுமே இல்லை.

வெளியே ஓடினாள். கொட்டகையைப் பார்த்த பால்கனியில் மாடிவீட்டு அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இங்க யாராவது வந்தாங்களா? பார்த்தீங்களா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, உங்களைத்தான்! நாளைக்கு நான் வேலையில சேரணும்!"

"ஓ, இப்பதான் என்கிட்ட பேசத் தோணிச்சா? அஞ்சாறு நாளா மூணு மணிக்கு வந்து அதைக் கழட்டற, கூப்பிட்டா தூங்கறவ மாதிரி நிமிந்துகூடப் பாக்காமப் போற, இன்னிக்கு அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையிலயே போட்டுட்ட. போக இஷ்டமில்லைன்னா வாயைத் திறந்து சொல்லேன்டி, உன்னை யாரு போகச் சொன்னா?"