அன்னூர் போக வேண்டிய வண்டி

கார் பானட்டைத் தூக்கியதுமே பாலகோபால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சைலன்சர் குழாயில் உரசிக் கிடந்த வயர்க்கட்டு சூட்டில் உருகி, சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒரே கறுப்பாகியிருந்தது.

நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் அன்னூரில் பெண் பார்த்தாக வேண்டும். மகன் மிதுனுக்கு வயது முப்பத்திரண்டு. பதினேழு ஜாதகம் தட்டிப்போய், சைத்ராவின் ஜாதகம்தான் பொருந்தியிருந்தது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பையன் கண்ணாடி முன்னால்தான் குடியிருக்கிறான்.

"ஏனுங்க, டாக்ஸி சொல்லிப்போடலாமுங்களா?" என்றாள் மனைவி கலாமணி.

"சூலூர்ல முப்பது வருசமா மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கறவன் வாடகை வண்டியில போய் எறங்குனா, பொண்ணு ஊட்டுக்காரங்க சிரிக்க மாட்டாங்களா அம்மணி?"

கருகியதை வெட்டி எறிந்தார். நிறம்தான் தெரியவில்லையே! கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததோடு முறுக்கி டேப் சுற்றினார். வண்டி கிளம்பியது. ஆனால் பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது.

"கல்யாண ஊர்வலத்துக்கு நல்லாருக்குமுங்கப்பா," என்றான் மிதுன், கடுப்போடு.

போன் அடித்தது. பெண்ணின் அப்பா தமிழ்வேந்தன்.

"கெளம்பீட்டீங்களாண்ணா?"

"சூலூர் தாண்டியாச்சுங்க!" என்றார் பாலகோபால், வீட்டு வாசலில் நின்றபடியே.

"நல்லதுங்க. அவசரமே வேண்டாமுங்க, மெதுவா வாங்க. நாங்க ஊட்டுலதான் காத்துட்டிருக்கோம்."

என்ன பண்பு, என்ன பண்பு! பாலகோபாலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்தத் தெம்பில் எல்லாவற்றையும் பிரித்து மாற்றி முறுக்கினார். ஹாரன் நின்றது. வைப்பர் ஆட ஆரம்பித்து, நிற்கவே மாட்டேன் என்றது. என்ஜின் சூட்டில் டேப் வேறு இளகி வழிந்தது. மனிதர் சளைத்தாரா? கடைக்கு ஓடி, மோட்டாருக்குப் பூசுகிற வார்னிஷை எடுத்துவந்து தாராளமாகப் பூசினார். குப்பென்று புகை. ஃப்யூஸும் போய், வண்டி மூச்சுப் பேச்சில்லாமல் அடங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகி முடிந்தபோது மணி ஒன்றரை.

வேறு வழியில்லாமல் மெக்கானிக் ரசாக்கைக் கூப்பிட்டார்.

"ஒரு வண்டியப் பாதியில பிரிச்சு வெச்சிருக்கனுங்ண்ணா. முடிச்சுப்போட்டு ஓடியாரேன்."

வைத்ததும் மறுபடி தமிழ்வேந்தன்.

"எங்கண்ணா வந்துட்டிருக்கீங்க?"

"கருமத்தம்பட்டிய நெருங்கிட்டோமுங்க!" பாலகோபாலுக்கு வாய் கூசவே இல்லை.

தமிழ்வேந்தன் சட்டென்று பதறினார்.

"அந்த வழி வேண்டாமுங்ண்ணா! அவினாசி சுத்தி வாங்க, ரோடு பளபளன்னு இருக்குது. லேட்டானாலும் பரவால்லீங்க."

"நம்ம லேட்டுக்கு அவரே வழி சொல்லித் தர்றாரு பாரு அம்மணி! தங்கமான மனுசன். பொண்ணப் பாக்கவே வேண்டாம், முடிச்சுப்போடலாம்," என்றார்.

"நான் பாக்கோணுமுங்கப்பா," என்றான் மிதுன் அவசரமாக.

இரண்டே காலுக்கு வந்தார் ரசாக். மீட்டர் வைத்து ஒவ்வொரு வயராகக் கண்டுபிடித்து, புதுசு மாற்றி, சூடு தாங்கும் உறை போட்டு, சைலன்சரை விட்டுத் தள்ளிக் கட்டினார். முக்கால் மணி நேரத்தில் வண்டி பூனைபோலக் கிளம்பியது. பாலகோபாலுக்கு உயிர் வந்தது.

"நேரத்துல வந்து மானத்தக் காப்பாத்துனீங்க பாய். எங்க மாட்டிக்கிட்டீங்க?"

ரசாக் கையைத் துடைத்தபடி சிரித்தார்.

"கருமத்தம்பட்டி ரோட்டுல ஒரு அன்னூர்க்காரருங்ண்ணா. பலகாரம் வாங்கப் போன எடத்துல வயர் கருகி, நடுரோட்டுல நின்னுக்கிட்டு, யாருக்கோ போன்ல, 'மெதுவா வாங்க, நாங்க ஊட்டுலதான் காத்துட்டிருக்கோம்'ங்கறாருங்க!"