பூமியோடு போட்டி போட்ட வேன் டிரைவர்

வேன் ஓட்டுகிறவர்கள் மற்ற வேன்களோடு போட்டி போடுவார்கள். பூமியோடு போட்டி போட்ட ஒரே டிரைவர் எங்கள் பூகோளம்தான். கும்பகோணத்திலிருந்து குடவாசலுக்கு அவர் வேனில் தினமும் வேலைக்குப் போய்வந்த எங்கள் பதினோரு பேருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. என் அம்மா இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளும் வரை நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

டாஷ்போர்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். விளிம்பு வரை தண்ணீர். குடிப்பதற்கு இல்லை. அது ஒரு சொட்டு சிந்தினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"அண்ணே, ஒன்பதரைக்கு நான் ஆபீஸ் மிஷின்ல விரல் வைக்கணும். கொஞ்சம் மிதிங்கண்ணே."

"சார், பூமி மணிக்கு லட்சம் கிலோமீட்டருக்கு மேல சூரியனைச் சுத்தி ஓடுது. உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியல."

"அதான் சார் டிரைவிங்! ஒரே சீரா ஓடுது. நாமளும், ஆறும், காத்தும், உங்க ஆபீசும் கூடவே ஓடுது. அப்புறம் எப்படித் தெரியும்? திடீர்னு வேகம் எடுத்தாலோ, பிரேக் போட்டாலோ, வெட்டித் திருப்பினாலோதான் உடம்புக்குத் தெரியும்."

"பூமியும் வளைஞ்சுதானே போகுது?"

"வளையுது. எம்மாம் பெரிய வளைவு! நம்ம ரோட்டு வளைவு மாதிரியா?"

லட்சம் கிலோமீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே முப்பதில் போகிற மனிதரை என்ன செய்வது?

அறுவடைக் காலம் வந்தால் தொலைந்தோம். பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். மற்ற வண்டிகள் ஒடித்துத் திருப்பிக்கொண்டு பறக்கும். இவர் அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடுவார். நெல் கிளறுகிற பெண்கள், "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். ஒரு முறை மேய்ச்சலுக்குப் போன வாத்துக் கூட்டம் எங்களை முந்திக்கொண்டு போனது. கடைசியில் வந்த நொண்டி வாத்தையாவது பிடித்துவிடுவோம் என்று பார்த்தேன். அதுவும் போய்விட்டது.

இன்னொரு நாள், நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மணி ஒன்பதே முக்கால். போனில் என் அதிகாரி. அந்த நேரம் பார்த்து ஜன்னலோரம் நின்ற லாரி பின்னால் உருண்டது. நான் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேனா, அப்பாடா, நம் வேன் கிளம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"கிளம்பிட்டோம் சார், வண்டி ஓடிக்கிட்டே இருக்கு!"

"அப்படியா? உங்க வேனுக்குப் பின்னாடி ஜீப்புலதான்யா நானும் நிக்கிறேன்."

போனை மீறிக் கேட்ட அந்தக் குரலுக்கு வேனே சிரித்தது. பூகோளத்துக்குப் பரம சந்தோஷம். "உங்க மேல தப்பில்ல சார்! லாரியை மட்டும் பார்த்தா நாம ஓடுறோமா, அது ஓடுதான்னு யாருக்கும் தெரியாது. அந்தப் புளியமரத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில், "நீங்க அந்த டம்ளருக்குத்தாண்ணே டிரைவர், மனுஷங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாளே வேறு வேனுக்கு மாறினேன்.

அடுத்த மாதம் ஊரில் அம்மா களத்தில் வழுக்கி விழுந்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை இங்கேயே கொன்னு போட்டுரு. வண்டில மட்டும் ஏத்தாதடா."

வெட்கத்தை விட்டுப் பூகோளத்துக்குப் போன் செய்தேன். "சீட்டைக் கழட்டிட்டு வர்றேன் சார்" என்றார்.

வேனில் மெத்தை விரித்து, அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தோம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பூகோளம் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். குடவாசல் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்துக்கு நாலரை மணி நேரம்! டிராக்டர் முந்தியது, சைக்கிள் முந்தியது, ஒரு கல்யாண ஊர்வலம்கூட எங்களை முந்தியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் அங்கங்கே வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. வரும்போதே ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் இறங்கிச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. அம்மா கண்ணைத் திறந்து, பயத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, வண்டிய எப்ப எடுப்பாங்க?"

பூகோளம் திரும்பிப் பார்க்கவில்லை. டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். குடித்த வேகத்தில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. அந்த டம்ளர் சிந்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லீவு முடிந்ததும் மறுபடி அவர் வேனில் ஏறி, மறுபடி தாமதமாகப் போய், மறுபடி அதிகாரியிடம் திட்டு வாங்கினேன். நிம்மதியாக இருந்தது.