குறிப்புக் கட்டத்துக்குக் கீழே

"குப்பைக் கிடங்கு என் வார்டுக்கு வந்தா, இப்பவே, இங்கேயே உண்ணாவிரதம்!" என்றார் லாரிக்காரர். சொல்லும்போது அவர் வாயில் நாலாவது பிஸ்கட் இருந்தது.

"முதல்ல ஜன்னலைச் சாத்துங்கப்பா, நாத்தம் தாங்கல" என்றார் தலைவர்.

நகராட்சி மன்றத்தில் அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கான நிலத் திட்டத்தைப் பற்றிப் பதினோராவது கூட்டம். ஊரே சுவரில் வரைபடமாகத் தொங்கியது. மஞ்சள் என்றால் வீடு, நீலம் என்றால் கடை, பச்சை என்றால் பூங்கா. எல்லாவற்றுக்கும் எல்லோரும் எப்போதோ சரி சொல்லியாகிவிட்டது. கட்டைவிரல் நகத்தளவு ஒரு பழுப்புக் காகிதம் மட்டும்தான் பாக்கி. அதுதான் குப்பைக் கிடங்கு. ஊருக்கு அது வேண்டும், யாருடைய வார்டுக்கும் வேண்டாம்.

ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தவரை ஆபீஸில் படக்காரர் என்பார்கள். பத்தொன்பது வருஷமாக வரைபடம் போடுகிறவர். முழங்கால் இரண்டும் போதும் போதும் என்று கெஞ்சின. அவருக்கு ஊரின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. தெற்குக் கோடியில் வாங்கிப் போட்ட மனையைப் பற்றித்தான் கவலை. வாடகை வீடுகளிலேயே பாதி ஆயுள் போயாச்சு, இப்போதுதான் சுவர் எழும்புகிறது. அதனால் முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு சின்ன வேலை செய்திருந்தார். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் குறிப்புக் கட்டத்தைச் சரியாகத் தன் மனை மேல் ஒட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யார் கிடங்கு வைக்கப் போகிறார்கள்?

"வடக்கே தள்ளுங்க" என்றார் தலைவர்.

படக்காரர் பழுப்பைப் பிய்த்து வடக்கே ஒட்டினார்.

"அங்கே என் கிளினிக் இருக்கு!" என்றார் டாக்டரம்மா.

கிழக்கே ஒட்டினார். "என் பள்ளிக்கூடம்!" என்றார் வாத்தியார்.

மேற்கே ஒட்டினார். "என் மாமனார் வீடு" என்றார் மீசைக்காரர். கொஞ்சம் யோசித்து, "இருக்கட்டும்" என்றார். பக்கத்தில் மைத்துனர் இருப்பது ஞாபகம் வந்து, "இருக்கக் கூடாது!" என்று மேஜையைத் தட்டினார்.

பிய்த்த இடமெல்லாம் பழுப்புத் தழும்பு விழுந்திருந்தது. "இதென்ன அநியாயம், நாலு கிடங்கா?" என்று கூச்சல் எழுந்தது. அவசரத்துக்குப் படக்காரர் தழும்புகளின் மேல் கைக்குக் கிடைத்த பச்சைக் காகிதத்தை ஒட்டினார்.

"அவங்க வார்டுக்கு மட்டும் பார்க்கா? நாங்க என்ன தக்காளித் தொக்கா?" என்று பாக்கிப் பேர் எழுந்துகொண்டார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது.

தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, அந்தக் கட்டத்துக்குக் கீழே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் படக்காரர்.

நுணலும் தன் வாயால் கெடும்.

"ஒண்ணுமில்லையா? அப்ப அங்கேயே போடுங்க!"

பதினோரு கூட்டத்தில் முதல்முறையாகக் கைதட்டல் கேட்டது. அந்த வார்டு உறுப்பினர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, மறுக்க ஆளில்லை. "டீ குடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்" என்று தலைவர் கிளம்ப, சபை பின்னாலேயே போயிற்று.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, சமையலறை ஜன்னலைத் தெற்கே வைக்கலாமான்னு கொத்தனார் கேக்கறார். காத்து வருமா?"

"வரும்" என்றார் படக்காரர். "நல்லாவே வரும்."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஸ்டூல் மேல நிக்கறேன்."

அவள் அந்த ஜன்னலுக்குத் திரைத்துணிகூட எடுத்து வைத்துவிட்டாள். மன்றத்தில் இப்போது டீ கிளாஸ் பொறுக்கும் ஃபைல் அக்காவைத் தவிர யாருமில்லை. இருபத்தாறு வருஷமாக ஃபைல் தூக்குகிறவர், எதையும் பார்க்கிறவர், எதையும் கேட்காதவர்.

படக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறிப்புக் கட்டத்தை உரித்தார். தன் மனை மேல் பளிச்சென்று மஞ்சள் ஒட்டினார். ஒன்றுக்கு இரண்டாக ஒட்டினார். சரி, பழுப்பை எங்கே வைப்பது? அவனவனுக்கு அவனவன் வார்டுதான் கண்ணில் படும். யாருமே பார்க்காத இடம் ஒன்று இருந்தது, இந்த ஆபீஸ். அதன் மேல் பழுப்பை ஒட்டி, அதன் மேல் குறிப்புக் கட்டத்தை ஒட்டினார்.

தலைவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். கட்டம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனதை அவர் கவனிக்கவே இல்லை. வெள்ளையாக இருந்ததால் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார். உறுப்பினர்களும் வரிசையாகப் போட்டார்கள். முத்திரை விழுந்தது. "இனி இருபத்தைந்து வருஷத்துக்கு ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார். ஒரு நிமிஷத்தில் மன்றம் காலி.

படக்காரர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். இத்தனை நாள் களைப்பும் இப்போதுதான் இறங்கியது. பிழைத்தோம்டா சாமி என்று கண்ணை மூடினார்.

ஃபைல் அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு, வரைபடத்தை இறக்கிச் சுருட்ட ஆரம்பித்தார். கட்டத்தின் ஓரம் எழும்பியிருந்தது. தூக்கிப் பார்த்தார்.

"கிடங்கை மாத்திட்டீங்களா சார்?"

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெளியே சொல்லிடாதீங்க. அவங்க சொன்ன இடத்துல என் வீடு வருது. அதான் மஞ்சள் அடிச்சுக் காப்பாத்திட்டேன்."

அக்கா அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"போன திட்டத்தையும் நான்தான் சார் சுருட்டினேன். அதுல குப்பைக் கிடங்குன்னு போட்ட இடத்துலதான் இந்த ஆபீஸைக் கட்டினாங்க. மஞ்சள் அடிச்ச இடம்தான், அதோ, ஜன்னலுக்கு வெளியே நாறிக்கிட்டு இருக்கு."