மருமகனுக்கு வண்டி வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

மஸ்கட்டில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் தொம்மச்சன் அவர்களுக்கு, பாறத்தோட்டிலிருந்து அவறாச்சன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை ஏலிக்குட்டிக்கு மூட்டுவலி, எனக்கு ரத்தக்கொதிப்பு, பசுவுக்கு மடிவீக்கம், இவை நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கேயும் இதே அளவுக்காவது சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் என்னவென்றால், உங்கள் மருமகன், என் மகன் ரெஞ்சிக்கு மோட்டார் சைக்கிள் வாங்க அனுப்புவதாகச் சொன்ன பணத்தை அனுப்ப வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். பையனுக்கு முண்டக்கயத்தில் வேலை கிடைத்ததும், பஸ் நேரத்துக்கு வராததும், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் எனக்கும் தெரியும். "புதுசு கேக்கல அப்பச்சா, பழசு போதும். நீங்களே பாத்து எடுங்க" என்று அவன் சொன்னபோது சரி, பார்க்கிறேன் என்றேன். எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. தாலுக்கா ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருபத்தொன்பது வருஷம் அட்டெண்டராக இருந்தவன் கண்ணுக்கு எந்த வண்டி மச்சான் தேறும்?

முதலில் நாலு வண்டி பார்த்தேன். முதல் வண்டிக்காரன் க்ராஷ் கார்டைத் தட்டிக் காட்டி, "இது இருக்கிற வரைக்கும், விழுந்தாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சேட்டா" என்றான். ஆகாதுதான். எத்தனையோ வண்டி ஒரு கீறல் இல்லாமல் போலீஸ் ஸ்டேஷன் மரத்தடியில் நிற்கும், ஆளை மட்டும் என்னிடம் அனுப்புவார்கள். இரண்டாவது வண்டியில் சைலன்சரை மாற்றி வெடிச்சத்தம் வைத்திருந்தான். "சத்தம் கேட்டா எதிர்ல வர்றவன் ஒதுங்கிடுவான்ல" என்றான். எனக்குத் தெரிஞ்சு மூணு பேருக்கு ஒதுங்கல தம்பி என்று பேரும் வருஷமும் சொன்னேன், பயல் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். மூன்றாவதில் ஹேண்டில்பாரில் போன் ஹோல்டர். பார்த்ததுமே திரும்பிவிட்டேன். போனுக்கு ஒன்றும் ஆகாது மச்சான். என் மேஜைமேல் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கும், திரையில் 'அம்மச்சி' என்று வரும், எடுத்துப் பேச எனக்கு அதிகாரம் கிடையாது. நாலாவதில் கண்ணாடி இரண்டையும் கழற்றி வைத்திருந்தான், அழகுக்காம். அவனுக்கும் நாலு வார்த்தை சொன்னேன். கூட வந்த ரெஞ்சி, "நீங்க வண்டி பாக்க வரல அப்பச்சா, விக்கிறவனுக்கு இழவு சொல்ல வந்திருக்கீங்க" என்று கத்திவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டான்.

அதனால் ஐந்தாவதைப் பார்க்க நான் மட்டும் கூட்டிக்கல் போனேன். விற்பவர் இட்டியவிரா, ரப்பர் வெட்டுகிறவர், என் வயசு. வண்டி அவர் மகனுடையதாம். மகன் கனடாவிலோ அயர்லாந்திலோ இருப்பான் என்று நானே நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. டேங்குக்கு உறை, கைப்பிடிக்கு உறை, இரண்டு பக்கமும் பை, முன்னால் பனிவிளக்கு என்று பையன் சம்பளத்தையெல்லாம் அதிலேயே கொட்டியிருந்தான். கடையில் வாங்கி மேலே மாட்டினது எல்லாம் அடியில் எதையோ மறைக்கத்தான் என்பது என் கணக்கு. ஸ்க்ரூட்ரைவரை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டேங்க் உறைக்கு அடியில் ஒரு நசுங்கல் இல்லை. ஸ்டிக்கரை உரித்தேன், கீறல் இல்லை. முன் ஃபோர்க் நேராக நின்றது, ஹேண்டில் ஒரு பக்கமும் இழுக்கவில்லை, சேஸிஸ் நம்பரை யாரும் சுரண்டவில்லை. குறையே இல்லாத வண்டியை எதைச் சொல்லித் தள்ளுவது? இட்டியவிரா பலாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கழற்றின சாமான் தொலைந்துபோனால் பழி என்மேல் வருமே என்று ஒரு தாளில் எழுதினேன். பக்கப் பை இரண்டு, பனிவிளக்கு இரண்டு, டேங்க் உறை ஒன்று, கைப்பிடி உறை ஒரு ஜோடி. இருபத்தொன்பது வருஷம் பழகின கை மச்சான், அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டே போய், 'மேற்கண்ட உடைமைகளைப் பெற்றுக்கொண்டேன்' என்று முடித்து, கையெழுத்துக்குக் கோடு போட்டு, அதன் கீழே 'உறவு' என்றும் எழுதி, பேனாவை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கிப் படித்தார். எங்கே போடவேண்டும் என்று கேட்கவில்லை. கையெழுத்தைப் போட்டு, உறவு என்ற இடத்தில் 'தகப்பன்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"போன மழைக்காலத்துல ஆஸ்பத்திரியில இதே மாதிரி ஒண்ணு போட்டேன்" என்றார். "எலிக்காய்ச்சல். நாலே நாள். எங்க டின்சன் வண்டியில நாப்பதுக்கு மேல போனதே இல்ல."

உரித்த ஸ்டிக்கரைத் தவிர எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். ஒரு ஸ்க்ரூ புல்லில் விழுந்து, இரண்டு கிழவர்களும் குனிந்து தேடினோம். அவர்தான் எடுத்துக் கொடுத்தார். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பயம் மச்சான், பச்சையாகச் சொல்கிறேன். வேலையில் இருந்த கடைசி நாலு வருஷமும் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் நான் முதலில் முகத்தைப் பார்த்ததில்லை. சட்டை ரெஞ்சி சட்டையா என்றுதான் பார்ப்பேன். ஆகவே பணம் வேண்டாம். பையன் பஸ்ஸிலேயே போகட்டும், முதலாளி திட்டினால் திட்டட்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் கீவர்கீஸ் புனிதர் உங்கள் எல்லோருக்கும் துணையிருக்கட்டும். நீங்களும் அங்கே காரில் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவறாச்சன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை படித்துவிட்டாள். "இருவத்தொம்பது வருஷமா விழுந்தவனை மட்டுந்தான் பாத்தீங்க. பத்திரமா வீடு போய்ச் சேந்தவன் எவனாவது உங்க ரூமுக்கு வந்து சொல்லிட்டுப் போவானா? அந்த டின்சன் எந்த வண்டியிலருந்து விழுந்தான்? பேசாம பையனைக் கட்டில்ல கட்டிப் போட்டுட்டு எலிக்குக் காவல் உக்காருங்க" என்றாள். அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிக்கல் போய் இட்டியவிராவிடம் பேசி முடித்துவிட்டு வந்தாள். வண்டி நேற்று வீட்டுக்கு வந்தது. இன்று ரெஞ்சி அதில் வேலைக்குப் போயிருக்கிறான்.

ஐந்தரைக்கு வந்திருக்க வேண்டும். இப்போது ஆறு. நல்ல மழை. கேட் தூணில் தாளை வைத்து, குடை பிடித்தபடி எழுதுகிறேன், எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும். ஆறு பத்து. வளைவில் ஒரு வண்டி வந்தது, நேரே போய்விட்டது. ஆறு இருபத்தைந்து. ஏலிக்குட்டியும் வந்து பக்கத்தில் நிற்கிறாள். போன் பண்ணட்டுமா என்றேன், ஓட்டுறப்ப பண்ணாதீங்க என்றாள். ஆறு முப்பத்தைந்து. ஒரு சத்தம் கேட்கிறது. அவன்தான். உடம்பெல்லாம் சேறு, கையில் பழம்பொரிப் பொட்டலம், மழைக்கு டீக்கடையில் ஒதுங்கினானாம்.

பணத்தை அனுப்பிவிடுங்கள் மச்சான்.