ஊசியக்கா வீட்டுப் படிக்கட்டு

நீலகிரி மலையில் ஊசியக்காவுக்கு அடங்காத ரத்தக்கொதிப்பு கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊசியக்காவே சொல்வார். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற கையோடு கோயமுத்தூருக்குப் போய் அக்குபஞ்சர் படித்துவிட்டு வந்து, குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, தம் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றோடு சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோனது.

நினைத்ததைச் சாதிக்காமல் விடமாட்டார். எமரால்டு என்கிற மலையூரிலிருந்து வந்த எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் குளிருக்குப் பயந்து குல்லாவைக் கழற்ற மாட்டேன் என்றார். உச்சந்தலையில் ஊசி வைத்தே தீரவேண்டும் என்பது அக்காவின் கட்சி. வாக்குவாதம் செய்யவில்லை. ஹீட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு காய் நறுக்கப் போனார். திரும்பி வந்தபோது மனிதர் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

எனக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. ஆயுசுக்கும் மாத்திரை போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு எப்படியாவது முழுக்குப் போடத்தான் ஊசியக்காவிடம் போனேன்.

ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்குச் செங்குத்தான படிக்கட்டு. ஏறி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். வாசலில் கால் வைத்ததுமே கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்ப்பார், எகிறியிருக்கும். ஊசிகளைக் குத்தி, அரை மணி நேரம் படுக்கவைத்து, மறுபடி பார்ப்பார், இறங்கியிருக்கும். வாராவாரம் இதே அதிசயம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்கக்கா, இனி மாத்திரைய நிறுத்திப்போடலாமுங்களா?"

"வர்ற ஞாயித்துக்கெழம பாத்துட்டுச் சொல்றேனுங்க தம்பி."

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அக்கா வந்து பட்டையைச் சுற்றினார். ஒரு ஊசிகூடப் போடவில்லை, அதற்குள் பிரஷர் இறங்கியிருந்தது.

மிஷினைத் தட்டிப் பார்த்தார். பேட்டரியை மாற்றினார். அதே கணக்குதான் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோடு வரைக்கும் விறுவிறுவென்று இறங்கினார். மூச்சிரைக்கத் திரும்ப ஏறி வந்து என்னிடம் கையை நீட்டினார்.

"சுத்துங்க."

சுற்றினேன். அக்காவின் பிரஷரும் எகிறியிருந்தது.

"இத்தன நாளா படி ஏத்திவுட்டத, உக்காந்து எறக்கியிருக்கறமுங்க. இதுல ஊசி என்ன பண்ணுச்சுன்னு எனக்கே தெரியலீங்க. நீங்க மாத்திரைய நிறுத்துனீங்கன்னா இந்த ஊட்டுப் பக்கமே வராதீங்க."

"அப்ப ஊசிங்கக்கா?"

"அதென்னத்துக்கு உடறது? படுங்க."

வேறு யாராக இருந்தாலும் விஷயத்தைக் கமுக்கமாக அமுக்கியிருப்பார்கள். அக்கா அன்றைக்கே தம்மிடம் வருகிற அத்தனை பேருக்கும் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, மாத்திரையை விட்டவர்களை வறுத்தெடுத்தார். கட்டிலுக்கு வருகிற கூட்டம் பாதியானது. அவர் அசரவில்லை.

அடுத்த வாரம் போனபோது முன்னறையில் இருந்த பெஞ்சு, படிக்கட்டின் நடுவில், திருப்பத்தில் கிடந்தது. தாமே தூக்கி வந்து போட்டாராம். "உங்களுக்குத்தானுங்க மூச்சு வாங்குது" என்றார்.

இப்போது எனக்கு ஏறிப் பழகிவிட்டது, மூச்சு வாங்குவதில்லை. இருந்தாலும் அந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காராமல் நான் மேலே போவதில்லை.