மூன்றே காலுக்கு வந்த ராகு காலம்

சர்வர் அமைப்பது எப்படி என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் பாஸ்வேர்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீளமாக வையுங்கள், பிறந்த தேதியை வைக்காதீர்கள், சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பாஸ்வேர்டு திருடு போய்க் கல்யாணம் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. சர்வரின் கடிகாரத்தைப் பார்க்காமல் விட்டதால் நிற்கப் பார்த்த கல்யாணம் ஒன்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை நான்தான்.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் பை பட்டறை. எனக்கு அந்தேரியில் ஒரு கம்பெனியில் வெப்சைட் எழுதும் வேலை. சர்வர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே தனி ஆட்கள் இருந்தார்கள். (அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாலே அந்த வித்தை ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன்.)

வடாலாவில் இருக்கும் தாய்மாமா எனக்குச் செம்பூரில் ஒரு பெண் பார்த்தார். பெயர் கோமதி. "அந்தப் புள்ளயும் கம்ப்யூட்டர்தாம்ல" என்றார் மாமா. கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. என் கவனமெல்லாம் அவளுடைய அப்பா மேல் இருந்தது. சங்கரலிங்கம், அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஸ்டாஃப் பஸ்ஸில் போய் வந்தவர். அந்த பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. ஓய்வுக்குப் பிறகு அவரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று பேச்சு.

பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் பேசியது ஒரே விஷயம்தான்.

"காலண்டர்ல போட்டிருக்க ராகு காலமெல்லாம் ஆறு மணிக்கு விடியுதுன்னு வச்சுப் போட்டது. பம்பாய்ல இந்த மாசம் ஏழு மணிக்குத்தான விடியுது? அப்ப நாம ராகு இல்லாத நேரத்துல பயந்துக்கிட்டு, இருக்க நேரத்துல தைரியமா சுத்திக்கிட்டு இருக்கோம். சரிதானா தம்பி?"

சரிதான் என்றேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். மும்பையின் சூரிய உதயத்தை வைத்து அன்றன்றைய ராகு காலத்தைக் கணக்கிடும் ஒரு வெப்சைட். ராகு காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் அதில் சேர்ந்தவர்களின் போனுக்கு ஒரு செய்தி. செய்தியின் கீழே 'இப்படிக்கு, இசக்கிமுத்து' என்று என் பெயர். (இந்த வரி தேவையில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம்.)

முதலில் அது என் லேப்டாப்பிலேயே ஓடியது. அச்சுப் பிசகாமல் ஓடியது. ஒரு நாள் அம்மா சட்னி அரைக்க அதன் பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியைச் செருகினாள். பேட்டரி தீர்ந்து ராகு காலம் பாதியில் நின்றது. மிக்ஸி இருக்கும் வீட்டில் சர்வர் வைக்கக் கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம். எனவே இணையத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரோகிராமை அதில் ஏற்றி, மறுநாளிலிருந்து செய்தி அனுப்பும்படி வைத்தேன். இரண்டு குடும்பத்தின் போன் நம்பர்களையும் அதில் சேர்த்தேன். புரோகிராம் இடையில் நின்று ஏதாவது செய்தி விட்டுப்போயிருந்தால், மறுபடி ஓடத் தொடங்கியதும் அதை அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு வசதியும் செய்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமைதான் தட்டு மாற்றும் நாள். முக்கியமான காரியத்துக்கு முந்தின நாள் சர்வரில் கை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

சனிக்கிழமை காலை முடி வெட்டும் கடையில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது மாமா போன் செய்தார்.

"ஏல, மணி பத்தாச்சு. உன் மெசேஜு ஒண்ணும் வரலியே?"

"நெட்வொர்க் மாமா" என்றேன். என்ன கோளாறு என்று தெரியாத இடத்தில் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில் அது.

மதியம் செம்பூருக்குப் போனோம். எமகண்டம் கழியட்டும் என்று மூன்று மணி தாண்டும் வரை காப்பியும் மிக்சருமாக உட்கார்ந்திருந்தோம். பிறகு மாமா ஒரு தட்டோடு எழுந்தார். எதிரே சங்கரலிங்கம் ஒரு தட்டோடு எழுந்தார். தேங்காய், பழம், வெற்றிலை, பூ. இரண்டு தட்டும் ஒன்றை ஒன்று தொடப் போன நேரத்தில் கோமதியின் அத்தை கையிலிருந்த போன் டிங் என்றது. அடுத்து அம்மாவுடையது. அடுத்து சங்கரலிங்கத்தின் சட்டைப்பையில். பிறகு அறை முழுக்க டிங், டிங்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"ராகு காலம் தொடங்கிவிட்டது. முக்கியமான காரியங்களைத் தள்ளிப் போடவும். இப்படிக்கு, இசக்கிமுத்து."

எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

"சனிக்கிழம ராகு காலம் காலைலல்லா?" என்றார் சங்கரலிங்கம், தட்டைக் கீழே வைக்காமல்.

"அது ஊருக் கணக்கு அண்ணாச்சி" என்றார் மாமா, நான் வாரம் முழுக்க அவரிடம் அளந்ததை அப்படியே ஒப்பித்து. "பம்பாய்க்குக் கணக்கு வேற. எம் மருமவன் சூரியனப் பாத்துப் போட்டது."

"சூரியன் கொஞ்சம் லேட்டுன்னுதான நான் சொன்னேன். சாயங்காலம் வரைக்குமா தூங்குது?"

நான் போனில் என் வெப்சைட்டைத் திறந்தேன். இன்றைய ராகு காலம் காலை ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கியதாக அது தெளிவாகச் சொன்னது. சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"வெப்சைட்டு காலைல ஒம்பதே முக்காலுங்குது. மெசேஜு இப்பங்குது. ரெண்டும் ஒங்களதுதானா?"

"ரெண்டும் என்னதுதான்."

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கொழுந்தன் மகன் ஒருவன் துபாயில் இருந்தான். அவன் ஜாதகமும் கோமதிக்குப் பொருந்தியிருந்தது. நாங்கள் முந்திக்கொண்டதில் அவருக்கு வருத்தம் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார்.

"தட்டு கைல இருக்கும்போது ராகு வந்து கூப்புடுதுன்னா அது சும்மா இல்லண்ணே. மாப்ளயே பேர் போட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுதாரு. தையில பாத்துக்கிடுவோம்."

மார்கழி பிறக்கச் சில நாள்தான் இருந்தது. மார்கழியில் தட்டு மாற்ற மாட்டார்கள். தை பிறந்தால் துபாய்ப் பையன் லீவில் வந்துவிடுவான். சங்கரலிங்கம் தங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த தட்டு ஓர் அங்குலம் பின்னால் போனது. நான் அதை அளந்ததுபோல் பார்த்தேன்.

அப்போது உள் அறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. கோமதி அதுவரை என்னிடம் நேராக எதுவும் பேசியதில்லை. எங்கள் முதல் உரையாடல் இது:

"சர்வர்ல டைம்ஸோன் மாத்துனீங்களா?"

"லேப்டாப்ல சரியாத்தான் இருந்துச்சு."

"லேப்டாப்பா மெசேஜ் அனுப்புச்சு?"

அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"வாடகை சர்வர்ல பெரும்பாலும் லண்டன் குளிர்கால நேரம்தான்ப்பா இருக்கும். நாமதான் மாத்தணும். இவங்க மாத்தல. அது நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால ஓடுது. காலைல ஒம்பதே முக்காலோட அதக் கூட்டுங்க."

சங்கரலிங்கம் கண்ணை மூடிக் கூட்டினார்.

"மூணே கால்."

எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றே கால் தாண்டி இரண்டு நிமிடம்.

"அப்ப இது லண்டன்காரன் ராகு காலம்" என்றார். "அவனுக்கு நம்ம வீட்டுல என்ன சோலி?"

"லண்டனோ துபாயோ, வந்தது வந்ததுதான்" என்றார் அத்தை. "தொடங்கிட்டுன்னு சொன்னா முடிஞ்சிட்டுன்னும் சொல்லணும்லா? சொல்லட்டும், மாத்துங்க."

கோமதி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் ஒரு பெரிய கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதிலிருந்து என் சர்வருக்குள் நுழைந்தேன். 'டேட்' என்று ஒரு சொல் அடித்தால் சர்வர் தன் நேரத்தைச் சொல்லிவிடும். அடித்தேன். சொன்னது. சபை முழுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்று, பெண் வீட்டுக் காப்பி வாசனையோடு, நான் செய்த தவறைப் படித்தது. அவசரத்தில் கொல்கத்தா என்ற பெயரை இரண்டு முறை தப்பாக அடித்தேன். (இந்திய நேரத்துக்குக் கம்ப்யூட்டரில் கொல்கத்தா என்றுதான் பெயர். "பம்பாய்க்காரன் எதுக்கு கல்கத்தாவுக்குப் போறான்?" என்று மாமா கேட்டார்.) நேரத்தை மாற்றி, புரோகிராமை நிறுத்தி, மறுபடி ஓட விட்டேன்.

சர்வர் கண் விழித்துப் பார்த்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. காலையில் ராகு காலம் முடிந்த செய்தி விட்டுப்போயிருப்பது அதற்கு நினைவு வந்தது.

டிங், டிங், டிங்.

அத்தை மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ராகு காலம் முடிந்தது. இனி எல்லாம் நல்லதே. இப்படிக்கு, இசக்கிமுத்து."

அது ஏன் வந்தது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் கோமதியைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

"சரி, முடிஞ்சிட்டுன்னு வந்துட்டுல்லா?" என்றார் அத்தை, ஏமாற்றத்தை மறைக்காமல். சொன்ன வார்த்தையை மாற்றுகிறவர் அல்ல அவர். "மாத்துங்க."

மாற்றினார்கள்.

இப்போது என்னிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சர்வரில் நுழைந்ததும் முதலில் மணி கேளுங்கள். லேப்டாப்பில் சரியாக இருந்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள், குறிப்பாகப் பெண் வீட்டில். உண்மையான மனிதர்களின் நம்பரை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் 'இந்திய நேரப்படி' என்று போட வேண்டும் என்று சங்கரலிங்கம் பிடிவாதமாக நின்றார். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் நிறையவா என்று அச்சகத்தில் கேட்டார்கள். "இல்ல, மாப்ளைக்காக" என்றாராம்.

மகள் பிறந்தபோது பிரசவ அறைக்கு வெளியே நின்று, நேரத்தை நொடியோடு பார்த்துக் குறித்து வைத்தேன். ஜாதகம் எழுதக் கொடுப்பதற்காக அதை மாமனாரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கதவைத் திறந்து நர்ஸிடம் கேட்டார்:

"சிஸ்டர், புள்ள எத்தன மணிக்குப் பொறந்துச்சு? அப்பாக்காரன் ஒரு டைம் சொல்லுதாரு. அது எந்த ஊர் டைம்னு தெரியல."