ஒரு சாண் இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஷெட்டு வாசலில் இருந்தவர்கள்: ஜீப்பின் சொந்தக்காரனான லிஃப்ட் மெக்கானிக், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரியான அவன் மனைவி, அவளுடைய தம்பி, பிளாஸ்டிக் நாற்காலியில், முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நடந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரான மாமனார், வேலை முடிந்து சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த வெல்டர். ஜீப்பும் இருந்தது. ஆனால் முழுதாக உள்ளே இல்லை. அதுதான் பிரச்சினை.

மைத்துனன் குனிந்து கதவுக்கும் ஜீப்பின் முதுகுக்கும் கணக்குப் பார்த்தான்.

"நாலு விரல் வெளிய நிக்குது அத்தான்."

"நாலு விரல்னா மூணு இஞ்ச்," என்றார் மாமனார்.

"அவ்வளவுதானே? பாத்துக்கலாம்," என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் மேலே இருந்து அவன் சொல்வதும் இதே வார்த்தைதான். இதுவரை எல்லோரையும் உயிரோடு இறக்கியிருக்கிறான். அந்தத் தைரியம் அவனுக்கு.

வெல்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இனி தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற நடையில் கிளம்பிப் போனார்.

நாலு விரல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன மாதம் ஏரிக்கரைச் சேற்றில் ஜீப் புதைந்தது. ஒரு தண்ணீர் லாரி வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டது. மைத்துனன் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டான். தினமும் மனிதர்களைக் கம்பி வடத்தில் தூக்கி இறக்குகிறவனை ஒரு லாரிக்காரன் இழுத்தான் என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? அன்றைக்கே முடிவு செய்தான்: ஜீப்பின் பம்பரில் ஒரு வின்ச். கம்பி வடத்தைச் சுருட்டும் மோட்டார் உருளை. ஒரு மரம் கிடைத்தால் போதும், கொக்கியை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் ஜீப் தன்னைத் தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

வின்ச்சைத் தாங்கப் புதுப் பம்பர் செய்ய வேண்டியிருந்தது. ஷெட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று லிஃப்ட் மெக்கானிக் கையை விரித்து அளந்தான். சரியாக ஒரு சாண். நாடா, ஸ்கேல் எல்லாம் கைமேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்பது அவன் கட்சி. பழைய பம்பரைவிட ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது என்று மனைவியிடம் சொன்னான். அவனுக்கு ஷிஃப்ட் இருந்ததால் அவளே வெல்டரிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஜீப் விஷயமாக அவள் ஓர் எட்டு எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பம்பரை மாட்டும்போது வெல்டர் நாலு போல்ட் போதும் என்றார். இவன் கேட்கவில்லை.

"போல்ட்டும் போடுங்க, வெல்டும் வைங்க."

"அப்புறம் கழட்டவே முடியாதுங்க."

"நான் எதுக்குக் கழட்டப் போறேன்?"

வெல்டு வைத்தாயிற்று.

இதெல்லாம் வேறு வீட்டில் நடந்திருந்தால் ஜீப்பின் பின்பக்கம் நாலு விரல் வெயில் காய்ந்துவிட்டுப் போயிருக்கும். இங்கே முடியாது. அந்த ஷெட்டுக்காக மூன்று மாதம் முன்பு வீட்டில் ஒரு பெரிய சண்டை. இரண்டு தையல் மெஷினும் படுக்கையறையில். அவன் காலையில் எழுந்தால் காதில் நூல். ஷெட்டைத் தனக்குத் தர வேண்டும் என்று அவள் கேட்டாள். இவன் வீராப்பாக, என் வண்டி உள்ளே நிற்க இந்தக் கதவு சாயங்காலம் ஆறு மணிக்கு மூடாத நாள் வந்தால் அன்றைக்கே ஷெட்டு உனக்கு என்றான். சொன்னதோடு நிற்காமல் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிக் கையெழுத்தும் போட்டான். சாட்சிக் கையெழுத்து மாமனாருடையது. அடியில் தேதியும் அவரே போட்டார்.

இப்போது மணி இரண்டு.

"திருப்பி ரிவர்ஸ்ல விட்டா?" என்றான் மைத்துனன்.

வாலைத் தலைப்பக்கம் வைத்தால் நீளம் மாறாது என்றார் மாமனார். ஆனால் அவர் வாய் திறந்தாலே வகுப்பு எடுப்பது மாதிரி இருக்கும் என்பதால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜீப்பைத் திருப்பினார்கள். ஷெட்டு ஒடுக்கம், உள்ளே விட்டால் இறங்குகிறவன் வயிற்றை எக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். குறுக்கே நிறுத்தவும் வழியில்லை. ரிவர்ஸில் போனபோது பக்கக் கண்ணாடி ஒன்று போயிற்று. நாலு விரல் அப்படியே இருந்தது, இந்த முறை வின்ச் பக்கம். மறுபடி திருப்பினார்கள். இரண்டாவது கண்ணாடியும் போயிற்று.

"ஜோடியாப் போனா பாக்க லட்சணமா இருக்கும்," என்றாள் மனைவி. வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் அசரவில்லை. பின்சுவரில் ஒரு பலகை இருந்தது, பம்பர் சுவரில் உரசாமலிருக்க அவனே அடித்தது. கனம் இரண்டு விரல். அதைப் பெயர்த்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பெயர்த்தான். மேலே இருந்த பெயின்ட் அலமாரி இத்தனை வருஷமும் அந்தப் பலகைமேல்தான் உட்கார்ந்திருந்தது என்பது அதன் பிறகு தெரிந்தது. அலமாரி லேசாக முன்னால் சாய்ந்து, யோசிப்பது மாதிரி நின்றது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றார் மாமனார். பழக்க தோஷம்.

மிச்சம் இரண்டு விரல். லிஃப்ட் மெக்கானிக் பின்சுவரின் இரும்பு வளையத்தைப் பார்த்தான். வின்ச்சைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. சுவர்ப்பூச்சே ஒரு விரல் கனம் இருக்கும். வின்ச்சை வைத்து ஜீப்பைச் சுவரோடு இழுத்து இறுக்கினால் பூச்சு நொறுங்கி இடம் கொடுக்கும். கொக்கியை வளையத்தில் மாட்டினான். பொத்தானை அழுத்தினான்.

வடம் விண்ணென்று இறுகியது. மோட்டார் உறுமியது. பூச்சு பொலபொலவென்று கொட்டியது, ஜீப் ஒரு விரல் முன்னேறியது. அலமாரி யோசித்து முடித்துவிட்டு, பச்சைப் பெயின்ட் டப்பாக்களோடு பானெட்மேல் வந்து இறங்கியது.



"வின்ச் நல்லா வேலை செய்யுது பாத்தியா," என்றான் லிஃப்ட் மெக்கானிக், புருவத்திலிருந்து பச்சையை வழித்துக்கொண்டு.

மிச்சம் ஒரே ஒரு விரல். மணி ஐந்தே கால். ஜீப் ஓர் இம்மிகூட நகராது. ஆகவே கதவுதான் நகர வேண்டும் என்று முடிவு செய்தான். கீலுக்கு அடியில் மரத்துண்டு வைத்து உயர்த்தினால் கதவு ஒரு விரல் வெளியே தள்ளி நிற்கும். அத்தானும் மைத்துனனும் இரண்டு கதவையும் கழற்றித் தரையில் சாய்த்தார்கள். துண்டுகளை அறுத்தார்கள். மாமனார் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசிப் பத்து நிமிஷம். இனிமே புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க."

அவசரத்தில் உள்பக்கம் வெளிப்பக்கமாக மாட்டிவிட்டார்கள். தாழ்ப்பாள் தெருவைப் பார்த்தது, கதவுகள் சேர்ந்து மூடவில்லை. அதைவிட மோசம், சாக்பீஸ் சபதமும் தெருவைப் பார்த்தது. நாயைக் கூட்டிக்கொண்டு போன எதிர்வீட்டுக்காரர் நின்று, கையெழுத்து உட்பட முழுக்கப் படித்துவிட்டு, உள்ளே இருந்த பச்சை ஜீப்பையும் பச்சை மனிதனையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். திருப்பி மாட்டுவதற்காகக் கதவுகளை மறுபடி கழற்றிக் கீழே வைத்தபோது மாமனார் எழுந்து நின்றார்.

"டைம் முடிஞ்சுது. எல்லாத்தையும் கீழ வைங்க."

"மாமா, கதவே இல்லியே. மூடலைன்னு எப்படிச் சொல்வீங்க?"

"பேப்பரே குடுக்காதவன் பாஸ்னு சொல்ல முடியுமா மாப்பிள்ளை?"

லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவனுக்குள் எதுவோ ஆட்டம் கண்டது. ஷெட்டு போனதுகூடப் பெரிதில்லை. கை தப்பாக அளந்துவிட்டது. இருபது வருஷமாக அந்தச் சாணை நம்பித்தான் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறான். மனைவியிடம் போய் உள்ளங்கையை நீட்டினான்.

"நாடாவை வெச்சுப் பாரு. என் சாண் குறைஞ்சு போச்சா?"

அவள் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை நாடாவைப் பிடித்தாள். பார்த்தாள். அளவு என்னவென்று சொல்லவில்லை.

"வயசானா கை கொஞ்சம் சுருங்கத்தாங்க செய்யும்," என்றாள் இதமாக. நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை அவன். ஜீப்பைத் தள்ளி வெளியே நிறுத்தித் தார்ப்பாய் போட்டான். கதவுகளைச் சரியாக மாட்டினான். வண்டி இல்லாத ஷெட்டில் அவை வெண்ணெய் மாதிரி மூடிக்கொண்டன. இரண்டு மெஷினையும் அவனே தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். விளக்குக்கு வயர் இழுத்துக் கொடுத்தான். வெட்டு மேஜையை எந்த இடத்தில் போட வேண்டும் என்று அவள் யோசிக்காமல் சொன்னது அவனுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. பரவாயில்லை, படுக்கையறையில் இனி நூல் இருக்காது. பாத்துக்கலாம் என்று கையைத் தட்டிக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே வந்தான்.

வாசலில் வெல்டர் நின்றிருந்தார். ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாராம். மைத்துனன் எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டவர், லிஃப்ட் மெக்கானிக்கின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, உள்ளே விளக்கு வெளிச்சத்தில் நின்றவளிடம் கேட்டார்:

"ஏங்க்கா, சார் சொன்ன அளவுக்கு மேல மூணு இஞ்ச் கூட்டி வைக்கச் சொன்னீங்களே, அது போதுமா இருந்துச்சா?"

லிஃப்ட் மெக்கானிக் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.